டிசம்பரில் இரண்டு குழந்தைகளோடு தனியாக டாலஸிலிருந்து சென்னைக்கு: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

காவிரிக்கரைப்பெண் (நவம்பர் 3)

வணக்கம். டிசம்பர் 18 அன்று டாலஸிலிருந்து தோஹா வழியாகச் சென்னைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். மகனுக்கு மூன்றரை வயது, மகளுக்கு அன்றைக்குப் பதினோரு மாதம் முடிந்திருக்கும். கணவருக்கு ஆண்டுக் கடைசியில் லீவு கிடைக்காது, பொங்கலுக்கு முந்தின வாரம்தான் வருவார். போகும்போது நான் மட்டும்தான். தோஹா வரைக்கும் பதினாலரை மணி நேரம், அங்கே நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அப்புறம் இன்னும் நாலரை மணி நேரம். சென்னையில் இறங்கிக் கும்பகோணத்துக்குக் கார்.

இந்த விலை கொடுத்து, இந்தக் கூட்டத்தில் ஏன் போகிறாய் என்று இங்கே தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். தாத்தாவுக்கு 84 வயது. பேத்தியை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார். தை பிறந்ததும் குலதெய்வம் கோயிலில் முடியிறக்கிக் காது குத்த வேண்டும், மாமன் மடிக்கு என் தம்பி பெங்களூரிலிருந்து வருகிறான். அதனால் போவதா வேண்டாமா என்பது என் கேள்வி இல்லை.

பயம் எதனால் என்றால், போன முறை நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. இறங்க ஆரம்பித்ததிலிருந்து காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், தரையைத் தொடும் வரை நிறுத்தவில்லை. பின் வரிசையிலிருந்து ஒருவர், "பிள்ளையை அடக்கத் தெரியாதவர்கள் எதற்குப் பிளேனில் ஏறுகிறார்கள்" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். அன்றைக்குக் கணவரும் பக்கத்தில் இருந்தார். அப்படியும் என் கை நடுங்கியது. இந்த முறை இரண்டு பிள்ளைகள், நான் ஒருத்தி. பாசினெட் (முன்வரிசைச் சுவரில் மாட்டுகிற குழந்தைத் தொட்டில்) கேட்கலாமா, சாப்பாட்டுக்கு என்ன செய்வது, காதுக்கு என்ன செய்வது, எது தெரிந்தாலும் எழுதுங்கள்.

வானில்ஒன்பதுவருடம் (நவம்பர் 3)

நான் ஒன்பது வருடம் விமானப் பணிப்பெண்ணாக இருந்தேன், பெரும்பாலும் வளைகுடாத் தடங்களில். முதலில் அந்த மனிதர் சொன்னதைப் பற்றி. உங்கள் பையன் அழுதது வளர்ப்புக் குறை இல்லை, காதில் வலி. அழுகிற குழந்தையை வைத்திருக்கிற அம்மாவிடம் நாங்கள் ஒருநாளும் எரிச்சல்பட்டதில்லை. உதவி கேட்கத் தயங்கி, சாப்பிடாமல், பாத்ரூம் போகாமல் பத்து மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்த அம்மாக்களைப் பார்த்துத்தான் கவலைப்பட்டிருக்கிறோம். ஏறியதும் உங்கள் பகுதியில் இருக்கிற பணியாளரிடம், "நான் தனியாக இரண்டு பிள்ளைகளோடு வருகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு உங்கள் மேல் எங்கள் கண் இருக்கும்.

பாசினெட்டை இன்றைக்கே போன் செய்து கேளுங்கள். ஒரு விமானத்தில் சில இடங்கள்தான் உண்டு, டிசம்பரில் எல்லாக் குடும்பங்களும் கேட்கும். எடை வரம்பு பல நிறுவனங்களில் பத்து, பதினோரு கிலோ, சிலவற்றில் அதற்கும் குறைவு. பதினோரு மாதப் பிள்ளை என்றால் நீளத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முன்வரிசை பற்றி யாரும் சொல்லாத மூன்று விஷயங்கள் இருக்கின்றன. கைப்பிடிக்குள்தான் சாப்பாட்டுத் தட்டு மடிந்திருக்கும், அதனால் பெரும்பாலும் கைப்பிடியைத் தூக்க முடியாது, பெரியவன் உங்கள் மடியில் தலை வைத்துக் காலை நீட்டிப் படுக்க நினைத்தால் நடக்காது. முன்னால் சீட் இல்லை என்பதால் ஏறும்போதும் இறங்கும்போதும் பை முழுவதும் மேலே போய்விடும், எனவே ஒரு டயப்பர், துடைக்கும் துணி, பால், இவை மட்டும் ஒரு சின்னத் துணிப்பையில் உங்கள் கைக்குள் இருக்கட்டும். அப்புறம் சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வோம். எழுப்ப மனசு வராதுதான், ஆனால் அது பிள்ளையின் பாதுகாப்புக்காக.

காது விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் ஏறும்போது பால் கொடுக்கிறார்கள். வலி அதிகம் வருவது இறங்கும்போது. விமானம் தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே இறங்கத் தொடங்கிவிடும், கேப்டன் அறிவிப்பு வருமே, அதுதான் உங்களுக்கு மணி, பாலை அப்போது கொடுங்கள். அதற்கு முந்தின ஒரு மணி நேரம் பிள்ளைக்குப் பாலே கொடுக்காதீர்கள், பசி இருந்தால்தான் அப்போது குடிப்பாள்.

தேராகாரன் (நவம்பர் 4)

நான் துபாயிலிருந்து திருச்சிக்குப் போய் வருகிறவன். எங்களுக்கு நாலு மணி நேரம்தான், உங்கள் பயணத்தோடு ஒப்பிடவே கூடாது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். போன வருடம் செக்-இன் கவுன்ட்டரில் என்னை ஒரு வரிசையிலும் என் நாலு வயது மகளை ஆறு வரிசை தள்ளியும் போட்டுக் கொடுத்தார்கள், உள்ளே போய் யாரையாவது கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் வேறு. நல்ல வேளையாக ஒரு பெரியவர் எழுந்து கொடுத்தார். ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருக்கும் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் 2024 ஏப்ரலில் அங்குள்ள நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்தில் போகிறவர்கள் அதை நம்பி இருக்க வேண்டாம், இப்போதே சீட்டைப் பிடித்து வையுங்கள். இரண்டு பிள்ளைகளும் உங்கள் டிக்கெட்டிலேயே, ஒரே பிஎன்ஆரில் இருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருக்கைஅப்பா (நவம்பர் 4)

எனக்கு மாற்றுக் கருத்து. கைக்குழந்தைக்கும் தனி சீட் வாங்குங்கள், கார் சீட்டைக் கொண்டுபோய் அதில் கட்டுங்கள். இரண்டு வயதுக்குள் மடியில் வைத்தால் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெரியவர் டிக்கெட் விலையில் பத்து சதவீதம் அளவில் முடிந்துவிடும் என்பதால்தான் எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள். 1989 ஜூலையில் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த விமானத்தில் மடிக்குழந்தைகள் நாலு பேர் இருந்தார்கள். பிள்ளைகளைத் தரையில் காலருகே வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அன்றைய நடைமுறை. ஒரு குழந்தை இறந்துபோனது. அன்று அப்படிச் சொல்ல வேண்டியிருந்த தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயமாக வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். விபத்தை விடுங்கள், நடுவானில் திடீரென்று குலுங்கினால் ஒன்பது கிலோ பிள்ளையை நம் கை பிடித்து நிறுத்தாது. அமெரிக்க விமானத் துறையே தனி இருக்கையைத்தான் பரிந்துரைக்கிறது. கட்டாயமாக்கவில்லை, அவ்வளவுதான்.

காவிரிக்கரைப்பெண் (நவம்பர் 4)

நீங்கள் சொல்வது புரிகிறது, படித்துவிட்டு இரவு தூங்கவில்லை. ஆனால் ஒரு கையில் மூன்றரை வயதுப் பையன், இடுப்பில் பிள்ளை, முதுகில் பை. கார் சீட்டை எந்தக் கையால் தூக்குவேன்? டிசம்பர் விலையில் மூன்றாவது சீட்டு என்றால் எங்களால் இந்த வருடம் போகவே முடியாது.

வானில்ஒன்பதுவருடம் (நவம்பர் 5)

இருக்கைஅப்பா சொல்வது சரி, இந்தத் தங்கை சொல்வதும் சரி. தனி இருக்கையைக் கட்டாயமாக்காததற்கு அமெரிக்க விமானத் துறை சொன்ன காரணமும் இதுதான்: இன்னொரு டிக்கெட் வாங்க முடியாத குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும், சாலையில் அதைவிட அதிகப் பிள்ளைகள் அடிபடுவார்கள் என்று. கடல் தாண்டிப் போகிறவர்களுக்குக் கார் வழியும் கிடையாது, அது வேறு. தனியாகப் போகிறவர் செய்யக்கூடியது இது. வளைகுடா நிறுவனங்களில் உங்கள் பெல்ட்டோடு கோர்க்கிற சின்ன பெல்ட் கொடுப்பார்கள், விளக்கு எரியாத நேரத்திலும் பிள்ளை மடியில் இருந்தால் அது மாட்டியே இருக்கட்டும். அமெரிக்க நிறுவனங்களில் அந்த பெல்ட்டுக்கு அனுமதி இல்லை. மார்போடு கட்டுகிற தூளி நடப்பதற்கு நல்லது, ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் பெரும்பாலும் கழற்றச் சொல்வார்கள். பையனுக்கு கேர்ஸ் என்று ஒரு பட்டை கிடைக்கிறது, பத்திலிருந்து இருபது கிலோ எடையுள்ள பிள்ளைகளுக்கு, சீட்டின் முதுகில் மாட்டித் தோளோடு கட்டுவது. அரை கிலோகூட இருக்காது, பைக்குள் போய்விடும். உங்கள் நிறுவனம் அனுமதிக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணி_கேசி (நவம்பர் 6)

இவ்வளவு யோசிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லோரும் செய்வது, ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் சளி மருந்து ஒரு மூடி. பிள்ளை தோஹா வரை தூங்கும்.

குழந்தைமருத்துவர்_கோவை (நவம்பர் 6)

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். தூக்கம் வருகிற ஒவ்வாமை மருந்துகள், குறிப்பாக டைஃபென்ஹைட்ரமைன், சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக வேலை செய்யும். தூங்குவதற்குப் பதில் தலைகால் தெரியாமல் துள்ளும், எரிச்சலில் கத்தும், அதைப் பதினாலு மணி நேரம் பூட்டிய இடத்தில் சமாளிக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், இரண்டு வயதுக்குக் கீழ் சளி, இருமல் மருந்துகளைத் தாங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது, மூச்சு மந்தமாகும் ஆபத்து உண்டு. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி மலை மேல் இருப்பது போல இருக்கும், கிட்டத்தட்ட ஊட்டியில் இருக்கிற மாதிரி. அங்கே போய்ப் பிள்ளைக்கு மயக்கம் தரும் மருந்தை யாராவது கொடுப்பார்களா?

காதுக்கு ஒரு விளக்கம். நடுக்காதிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. விழுங்கும்போதுதான் அது திறந்து அழுத்தம் சமமாகும். சின்னப் பிள்ளைகளுக்கு அது குறுகல், படுக்கைவாட்டில் வேறு இருக்கும். தூங்குகிற பிள்ளை அதிகம் விழுங்காது, அதனால் இறங்கும்போது வலியில் விழித்துக் கத்துகிறது. அந்த நேரத்தில் எதையாவது சப்பி விழுங்கட்டும், தாய்ப்பால், புட்டி, சூப்பான் எதுவானாலும் சரி. மூன்றரை வயதுப் பையனுக்கு ஸ்ட்ரா போட்ட டம்ளர் போதும், சூயிங் கம் வேண்டாம், விழுங்கிவிடுவான். கிளம்புவதற்கு முந்தின வாரம் யாருக்காவது காதுவலியோ கடுமையான சளியோ இருந்தால் மருத்துவரிடம் காதைக் காட்டிவிட்டுப் புறப்படுங்கள். அழுதாலும் பதற வேண்டாம், அழும்போதும் பிள்ளை விழுங்கத்தான் செய்கிறது.

பயணி_கேசி (நவம்பர் 6)

டாக்டர், எனக்கு இது தெரியாது. என் அண்ணி செய்தார், நானும் செய்தேன். இனி செய்ய மாட்டேன். எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், என்னைப் போல நினைக்கிறவர்கள் உங்கள் பதிலையும் சேர்த்துப் படிக்கட்டும்.

ஸ்காபரோஅம்மா (நவம்பர் 8)

தங்கச்சி, நான் கனடாவிலிருந்து போன மார்கழி மூன்று பிள்ளைகளோடு கொழும்புக்குப் போனேன், அவர் வரவில்லை. சாப்பாடு பற்றி மட்டும் சொல்கிறேன். பிள்ளைச் சாப்பாடு என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும். ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள், என் நடுவிலான் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. குட்டி இட்லி அவித்து, நல்லெண்ணெய் தடவி, கொஞ்சம் சீனி போட்டுக் கொண்டு போனேன். பதினைந்து மணி நேரம் கெடவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி அது என்ன என்று கேட்டு ஒன்று வாங்கிச் சாப்பிட்டா. சின்னவளுக்குப் பொரி. ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட அரை மணித்தியாலம் ஆகும், அவ்வளவு நேரம் எங்களுக்கு நிம்மதி. பழம், சமைத்த சாப்பாடு எல்லாவற்றையும் இறங்குவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

பிள்ளைப் பாலுக்கும் மசித்த பழப் பொட்டலங்களுக்கும் நூறு மில்லி கணக்கு இல்லை, அமெரிக்காவிலும் தேவையான அளவு விடுவார்கள். வெளியே எடுத்துக் காட்டி முதலிலேயே சொல்லுங்கள். தோஹாவில் மறுபடியும் ஒரு சோதனை இருக்கும். தள்ளுவண்டியை வாசல் வரை கொண்டுபோய்க் கொடுக்கும்போது அது தோஹாவில் கைக்கு வருமா, நேரே சென்னைக்குப் போய்விடுமா என்று கட்டாயம் கேளுங்கள். எனக்கு வரவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு, மற்ற இரண்டு பேரையும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லி நடந்தேன். சரியான கரைச்சல். அதற்காகத்தான் அந்தத் தூளி வேண்டும் என்று சொல்கிறேன்.

இன்னொன்று, உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை. எல்லோரும் பிள்ளைக்கு மூன்று வைப்பார்கள், வாந்தி எடுப்பது எங்கள் மேலேதான்.

நியூஜெர்சிராஜா (நவம்பர் 10)

டெல்லி வழியாகப் போனால் நானூறு டாலர் குறைகிறது, டிசம்பர் 27 கிளம்பினால். ஒரு குழந்தை, நாங்கள் இருவர். எடுக்கலாமா?

தேராகாரன் (நவம்பர் 10)

டிசம்பர் கடைசியும் ஜனவரியும் டெல்லியில் மூடுபனிக் காலம். விடியற்காலை விமானங்கள் மணிக்கணக்கில் தள்ளிப்போகும், வேறு ஊருக்குத் திருப்பியும் விடுவார்கள். அது போக, இந்தியாவில் முதலில் இறங்குகிற இடத்தில்தான் குடியேற்றச் சோதனை, பெட்டிகளை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி போட வேண்டும். பிள்ளையோடு அந்த நானூறு டாலரை மிச்சம் பிடிக்க வேண்டாம். சென்னைக்கும் டிசம்பர் தொடக்கத்தில் புயல் பயம் உண்டு, 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் வந்தபோது ஓடுபாதையே தண்ணீரில் நின்றது, ஆனால் மாதக் கடைசிக்குள் பெரும்பாலும் மழை ஓய்ந்துவிடும்.

ஸ்காபரோஅம்மா (நவம்பர் 11)

தங்கச்சி, மறந்துவிட்டேன். தகப்பன் கூட வரவில்லை என்றால் அவருடைய சம்மதக் கடிதம், நோட்டரி முத்திரையோடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்டார்கள். சின்னவளுக்கும் தனியாகப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும், மடியில் இருந்தாலும் அவள் ஒரு ஆள்தான்.

காவிரிக்கரைப்பெண் (டிசம்பர் 26)

ஊரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன், இப்போதுதான் இரண்டும் ஒரே நேரத்தில் தூங்குகின்றன.

பாசினெட் கிடைத்தது. மகள் அதில் மொத்தம் மூன்று மணி நேரம் படுத்தாள், நாலு முறை விளக்கு எரிந்து எடுக்க வேண்டி வந்தது. கைப்பிடி தூக்க முடியாது என்று சொன்னீர்களே, அது உண்மை. பையன் சாய்ந்து தூங்க வழியில்லாமல் எட்டாவது மணி நேரத்தில் தரையில் படுக்கிறேன் என்று ஒரே பிடிவாதம். நான் ஏறியதுமே பணிப்பெண்ணிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் பின்னால் காலியாக இருந்த சீட்டிலிருந்து ஒரு தலையணையும் இரண்டு போர்வையும் கொண்டுவந்து, சீட்டிலேயே அவனுக்குச் சாய்வு கட்டிக் கொடுத்துவிட்டு, "நீங்கள் போய் முகம் கழுவிட்டு வாங்க, நான் நிற்கிறேன்" என்றார். மலையாளி, தமிழ் நன்றாகப் பேசினார். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் அழுதேன், வேறு எதற்கும் இல்லை, யாரோ ஒருவர் ஐந்து நிமிடம் என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதற்கு.

தோஹாவில் தள்ளுவண்டி வாசலில் கிடைக்கவில்லை, கேட்டு வைத்திருந்ததால் அதிர்ச்சி இல்லை, தூளியில் கட்டிக்கொண்டேன். அங்கே நடுக்கூடத்தில் மஞ்சள் நிறத்தில் ஏழு மீட்டர் உயரக் கரடி பொம்மை ஒன்று உட்கார்ந்திருக்கிறது, தலையோடு ஒட்டினாற்போல ஒரு விளக்கு. பையன் அதைச் சுற்றிச் சுற்றி ஓடினான். ஓடட்டும் என்று விட்டுவிட்டேன், அடுத்த விமானத்தில் ஏறியதும் தூங்கிவிட்டான்.

சென்னைக்கு இறங்கும்போது கேப்டன் அறிவிப்பு வந்ததும் மகளை எழுப்பிப் பால் கொடுத்தேன். பத்து நிமிடம் குடித்தாள், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகை. முதுகில் வியர்த்துவிட்டது, அந்தப் பழைய குரல் வரப்போகிறது என்றே நினைத்தேன். பக்கத்து வரிசையில் மன்னார்குடிப் பக்கத்து அம்மா ஒருவர், மகள் வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர், அவர் கையை நீட்டி, "பால் வேண்டாமாம், ஒரு மடக்குத் தண்ணி குடு பாப்பா" என்றார். பையனின் ஸ்ட்ரா டம்ளரை வாயில் வைத்தேன். புதுப் பொருள் என்பதால் பிடித்துக்கொண்டு உறிஞ்சினாள். சக்கரம் தரையில் பட்டபோதும் அதைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வெளியே வந்தபோது விடியவில்லை. தாத்தாவை வர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியிருந்தேன். மஃப்ளர் கட்டிக்கொண்டு, கம்பித் தடுப்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். மகளுக்கு அவர் புதுமுகம், வீறிட்டு அழுதாள். அவர் விலகவும் இல்லை, தூக்கவும் இல்லை, தன் சுண்டுவிரலை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார். கார் செங்கல்பட்டைத் தாண்டும் முன் அதைப் பிடித்துக்கொண்டாள்.

நேர மாற்றம்தான் இன்னும் சரியாகவில்லை. பதினொன்றரை மணி நேர வித்தியாசம், இரவு இரண்டு மணிக்குப் பையன் எழுந்து விளையாடக் கூப்பிடுகிறான். தாத்தாவுக்கும் அந்த நேரத்தில் தூக்கம் கிடையாது. திண்ணையில் இருவரும் உட்கார்ந்து தெருவில் போகிற பால் வண்டிகளை எண்ணுகிறார்கள்.

நியூஜெர்சிராஜா (டிசம்பர் 26)

நாளை மாலை கிளம்புகிறோம், டெல்லி வழி எடுக்கவில்லை. இட்லிக்கு மாவு புளித்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய் சூடாக இருக்கும்போது தடவ வேண்டுமா, ஆறிய பிறகா?

ஸ்காபரோஅம்மா (டிசம்பர் 26)

நன்றாக ஆறிய பிறகு, தம்பி. சூட்டோடு மூடினால் வேர்த்துப் புளித்துவிடும்.